சருகை மூட்டை கட்ட எது தோது?

கூட்டிக் குவிக்கிற வரைக்கும் தோட்ட வேலை சுகமாகத்தான் போகும். குவித்ததைப் பைக்குள் தள்ளும்போதுதான் எரிச்சல் ஆரம்பிக்கிறது. ஒரு கை பையின் வாயைப் பிடித்துக்கொண்டால் அள்ளுவதற்கு மிஞ்சுவது இன்னொரு கை மட்டும்தான். அதில் வருவது ஒரு பிடிச் சருகு. அதிலும் பாதி பைக்கு வெளியே விழும். சரி, இரண்டு கையாலும் அள்ளுவோம் என்று பையை விட்டால் அது தொய்ந்து வாயை மூடிக்கொள்ளும். கொஞ்சம் காற்று அடித்தாலோ பையே இடத்தைவிட்டுக் கிளம்பிவிடும்.

இந்தத் தொல்லைக்கு மருந்து என்று விற்கப்படும் சாமான்கள் ஏராளம். கையில் மாட்டும் பிளாஸ்டிக் அள்ளிகள், பை மாட்டும் ஸ்டாண்டுகள், தானாக நிமிர்ந்து நிற்கும் பைகள், உறிஞ்சி அரைக்கும் மெஷின்கள். விளம்பரத்தைப் பார்த்தால் எல்லாமே எல்லா வேலையும் செய்யும். உண்மையில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு காரியத்தைத்தான் ஒழுங்காகச் செய்கிறது. சில பையின் வாயைத் திறந்து வைக்கும். சில ஒரே அள்ளில் நிறைய எடுத்துத் தரும். சில சருகை நொறுக்கிப் பருமனைக் குறைக்கும். பலரும் கடைசிக் காரியத்துக்குத்தான் முதலில் பணம் போடுகிறார்கள், அதில்தான் மோட்டார் இருக்கிறது என்பதால். என் கட்சி வேறு. முதலில் பையின் வாயைக் கவனியுங்கள். அது சரியானால் பாதி வேலை முடிந்த மாதிரி. மற்றதைத் தோட்டத்தின் அளவையும் குப்பையின் ரகத்தையும் பார்த்து அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

குப்பை என்ன ரகம்?

காய்ந்த சருகுக்கு எடை கிடையாது, ஆனால் இடத்தை அடைக்கும். 100 லிட்டர் பை நிறையச் சருகை ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகலாம். அதே பையில் அன்று வெட்டிய ஈரப் புல்லை நிரப்பினால் இழுத்துத்தான் போக வேண்டும். மழையில் நனைந்த சருகு இன்னொரு தினுசு: இலைகள் ஒன்றோடொன்று அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டு தரையைவிட்டு எழ மறுக்கும். ரேக்கால் எடுக்கலாம், கையால் எடுக்கலாம், மெஷினால் மட்டும் எடுக்க முடியாது. அவசரமில்லையென்றால் ஒரு வெயில் காயவிட்டு அப்புறம் தொடுவதே புத்திசாலித்தனம்.

இலையின் அளவும் கணக்கில் வரும். மேப்பிள், தேக்கு மாதிரி அகன்ற இலைகளை இடைவெளிவிட்ட பற்கள் உள்ள எதுவும் அள்ளிவிடும். வேப்பிலை, மூங்கில் இலை, ஊசியிலை எல்லாம் அந்த இடைவெளியில் நழுவிவிடும். அவற்றுக்கு ஓட்டையில்லாத தட்டைப் பரப்பு வேண்டும். கவாத்து செய்த கிளைகளும் முட்களும் இருந்தால் பையின் துணி எவ்வளவு தடிமன் என்பதுதான் முதல் கேள்வி, அதன் கொள்ளளவு அல்ல.

எடையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நையோஷ், பளு தூக்குவதற்கு ஒரு சூத்திரம் வகுத்திருக்கிறது. எல்லாம் தோதாக அமைந்த நிலையிலேயே அதில் மேல்வரம்பு 23 கிலோதான். பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்து, நல்ல பிடியோடு, குனியாமல், இடுப்பைத் திருப்பாமல் தூக்கினால்தான் அந்த 23. தொளதொளத்த மூட்டையைத் தரையிலிருந்து குனிந்து தூக்கி வண்டியில் எறிவது அந்தக் கணக்கில் சேராது. ஆகவே பெரிய பை வாங்குவது லாபம் என்று எல்லாச் சமயத்திலும் சொல்ல முடியாது. சருகு மட்டும்தான் என்றால் பெரிய பை நல்லது. புல்லும் களையும்தான் அதிகம் என்றால் 60, 80 லிட்டர் பையோடு நிறுத்திக்கொள்வது முதுகுக்கு நல்லது.

பையின் வாயைத் திறந்து வைக்க

இதற்கு மடக்கு ஸ்டாண்டு, உள்ளே செருகும் தகடு, பழைய டிரம், தானாக நிற்கும் பை என்று நாலு வழி உண்டு.

மடக்கு ஸ்டாண்டு என்பது இரும்புக் குழாயில் செய்த சட்டம். மேலே ஒரு வளையம், அதில் பையின் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துக் கிளிப்பால் கவ்வ வைக்க வேண்டும். பார்க்க நேர்த்தியாக இருக்கும். சமதளமான சிமென்டுத் தரையில் நன்றாகவே நிற்கும். புல்தரையிலும் மேடு பள்ளத்திலும்தான் அதன் குணம் தெரியும். கால் மெலிந்த ஸ்டாண்டு, பை பாதி நிறைந்ததும் ஒரு பக்கம் சாயும். கிளிப் பிடிமானம் இல்லாததாக இருந்தால் எடை ஏறியதும் பை வழுக்கி உள்ளே இறங்கிவிடும். இன்னொரு குறை, வாய் இடுப்பு உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு அள்ளையும் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்க வேண்டும். செடி வெட்டிக்கொண்டே, வெட்டியதை அவ்வப்போது போடுகிறவருக்கு அந்த உயரம் வசதி. தரையில் குவிந்ததை அள்ளுகிறவருக்கு அது கூடுதல் வேலை.

உள்ளே செருகும் தகடு பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும்: ஒரு நெகிழும் பிளாஸ்டிக் தகடு, அவ்வளவுதான். சுருட்டிப் பைக்குள் விட்டுக் கையை எடுத்தால் விரிந்து பையின் சுவரோடு ஒட்டி நிற்கும். வாய் திறந்திருக்கும், பை நிமிர்ந்து நிற்கும், சுள்ளியோ முள்ளோ குத்தினாலும் தகடுதான் வாங்கிக்கொள்ளும். நிரம்பியதும் தகட்டை மேலே உருவி எடுத்து அடுத்த பைக்குள் விட வேண்டியதுதான். காகிதப் பை உபயோகிக்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான சாமான் இல்லை. ஒரே ஒரு நுணுக்கம் உண்டு: பை முழுக்க நிரப்பி அழுத்தி மிதித்த பிறகு உருவப் பார்த்தால் தகடு அசையாது. பலமாக இழுத்தால் பை கிழியும். பாதி நிறைந்ததும் ஒரு சாண் மேலே இழுத்துவிட்டு, மீண்டும் போட்டு, மீண்டும் இழுத்து என்று போனால் சிக்கல் வராது. தனியாக வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. பழைய பிளாஸ்டிக் ஷீட்டையோ கெட்டியான அட்டையையோ சுருட்டி விட்டாலும் இதே வேலை நடக்கும். அட்டை நனைந்தால் மட்டும் ஆயுள் முடிந்தது.

பழைய டிரம், பெரிய வாளி, துணிக்கூடை எதுவானாலும் ஸ்டாண்டாக மாற்றலாம். பையை உள்ளே விட்டு விளிம்பை வெளியே மடித்தால் போதும். ஆனால் ஓட்டை இல்லாத டிரம்மில் இரண்டு இடைஞ்சல்கள் வரும். பையை உள்ளே தள்ளும்போது அடியில் மாட்டிக்கொண்ட காற்று அதை உப்பி மேலே தூக்கும். நிரம்பிய பையை வெளியே எடுக்கும்போது நேர்மாறாக நடக்கும்: அடியில் காற்று போக வழியில்லாமல் வெற்றிடம் உண்டாகிப் பையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இழுக்க இழுக்க டிரம்மும் கூடவே வரும். டிரம்மின் அடியிலும், அடியை ஒட்டிய பக்கச் சுவரிலும் விரல் நுழைகிற அளவில் நாலைந்து துளை போட்டுவிட்டால் இரண்டும் தீர்ந்தது. அடியையே முழுசாக வெட்டி எடுத்துவிட்டால் இன்னும் சௌகரியம். பைக்குள் டிரம்மை நிறுத்தி, நிரப்பி, டிரம்மை மட்டும் மேலே உருவிக்கொள்ளலாம். பை நின்ற இடத்தில் நிற்கும். செலவில்லாத வழிகளில் இதற்குத்தான் என் ஓட்டு.

கடைசியாக, தானாக நிற்கும் பை. கெட்டித் துணிக்குள் சுருள் கம்பி தைத்திருப்பார்கள். கொக்கியை விடுவித்தால் துள்ளி எழுந்து நிற்கும். வேலை முடிந்ததும் அழுத்தித் தட்டையாக்கி மாட்டிவைக்கலாம். 55 செ.மீ. விட்டமும் 70 செ.மீ. உயரமும் உள்ள பையில் சுமார் 166 லிட்டர் பிடிக்கும். இதன் பெரிய பலம், இதைப் படுக்கவைக்கலாம் என்பதுதான். வாய் தரையோடு தரையாக வந்துவிடுகிறது. ரேக்கால் நேராக உள்ளே தள்ளலாம், அள்ளவே வேண்டாம். பாதி உள்ளே போனதும் நிமிர்த்தி ஒரு குலுக்கு, மறுபடி படுக்கவைத்து இன்னும் கொஞ்சம். இதே யோசனையில் ஒரு விளிம்பு மட்டும் தட்டையாக, குப்பை அள்ளும் தட்டுபோல் தரையில் படிகிற பைகளும் வருகின்றன. வட்ட வாய்ப் பையைப் படுக்கவைத்தால் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் சந்து இருக்கும், சின்ன இலைகள் அடியில் போகும். தட்டை விளிம்பில் அந்தத் தொந்தரவு இல்லை. சிமென்டு, கல் பாவிய தரைக்கு இது அபாரம். செடிப் பாத்திக்குள் இதைக் கொண்டுபோக முடியாது, இடம் போதாது.

இந்தப் பையின் குறையும் அந்தக் கம்பிதான். பை காலியாக இருக்கும்போது காற்றில் உருண்டு ஓடும். முதல் இரண்டு அள்ளுப் போடும்வரை உள்ளே ஒரு கல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் புல்லை நிரப்பித் தூக்கினால் சுருள் ஒரு பக்கம் கோணும், ஒருமுறை கோணினால் அப்புறம் நேராக நிற்காது. தவிரவும் இது சுமக்கும் பை, தூக்கிப்போடும் பை இல்லை. குப்பை வண்டிக்குக் கட்டிக் கொடுக்க வேண்டிய இடத்தில் இதிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றும் வேலை மிச்சமிருக்கும். குப்பைக் குழிக்கோ மட்கு உரத் தொட்டிக்கோ கொண்டுபோய்க் கொட்டுகிறவர்களுக்குத்தான் இதன் முழுப் பயன்.

அள்ளுவதற்கு

கையில் மாட்டும் அள்ளிகள் மலிவு, எங்கும் கிடைக்கும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளும் இரண்டு பிளாஸ்டிக் தகடுகள், ஓரத்தில் பற்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வெறுங்கையில் வருவதைப்போல் மூன்று நாலு மடங்கு சருகு வரும். முள்ளும் பூச்சியும் கையில் படாது. அளவில் பெரியதை வாங்கிவிட்டால் பையின் வாய்க்குள் நுழையாது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். விரித்த கையோடு வாய்க்குள் போய்த் திறந்தால்தான் சருகு உள்ளே விழும். பையைக் கட்ட, ரேக்கை எடுக்க, முகத்தைச் சொறிய, எல்லாவற்றுக்கும் கழற்றி மாட்ட வேண்டும் என்பது பழகப் பழகச் சலிப்புத் தட்டும். கையை உள்ளே நுழைக்கும் வகையைவிட, மேலே பிடி மட்டும் உள்ள வகை கழற்றுவதற்குச் சுலபம்.

இந்த அள்ளிகளின் உண்மையான விலை குனிவதுதான். ஒவ்வொரு அள்ளுக்கும் ஒரு குனிவு. முதுகு ஒத்துழைக்காதவர்களுக்கு நீளக் காம்புடன் கவ்விப் பிடிக்கும் ரேக் உண்டு. கூட்டவும் அதுவே, தூக்கவும் அதுவே. ஆனால் நீளக் காம்பின் நுனியில் எடையைப் பிடித்துத் தூக்கும்போது மணிக்கட்டும் தோளும் உழைக்கின்றன. கொஞ்சம் சருகுக்குச் சரி. பெரிய தோட்டத்துக்கு முதுகு வலியைத் தோள் வலியாக மாற்றிக்கொண்டதாகத்தான் ஆகும்.

சாதாரண விசிறி ரேக்கைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. புல்தரைக்கு அகன்ற பிளாஸ்டிக், பாத்திகளுக்கு விரித்துச் சுருக்கக்கூடிய இரும்பு. காம்பைத் தரையில் நிறுத்தினால் முகவாய் உயரத்துக்கு வர வேண்டும்; குட்டையாக இருந்தால் குனிந்தே கூட்டுவீர்கள்.

தார்ப்பாய் இல்லாத தோட்டக்காரர் கையைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார் என்றே சொல்வேன். 2 மீட்டருக்கு 2 மீட்டர் தார்ப்பாயைக் குவியலுக்குப் பக்கத்தில், காற்று போகிற திசையில் விரியுங்கள். ரேக்கால் சருகை அதன்மேல் தள்ளுங்கள். நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள். அள்ளல் கிடையாது, தூக்கல் கிடையாது, பைகூடக் கிடையாது. கிளைகள், முட்கள், ஈரப் புல், எதையும் பார்த்து அது பயப்படாது. பையில்தான் போட வேண்டும் என்றாலும் தார்ப்பாய் உதவும்: இரண்டு ஓரங்களை மேலே தூக்கிச் சேர்த்தால் நடுவில் ஒரு வாய்க்கால் உண்டாகும். அதன் ஒரு முனையைப் பையின் வாய்க்குள் விட்டு மறுமுனையை உயர்த்தினால் சருகு தானாக இறங்கும். இதற்கு இரண்டு ஆள் இருந்தால் நல்லது. தனி ஆளாக இருந்தால், முன்பு சொன்ன அடியில்லாத டிரம் பைக்குள் நின்றுகொண்டிருந்தால் அதுவே இரண்டாவது ஆள்.

ஓரத்தில் இரும்பு வளையம் பதித்த தார்ப்பாயாக இருந்தால் மூலைகளில் கயிறு கட்டி இழுக்கலாம். வழவழப்பான பக்கம் தரையில் இருக்கட்டும், இழுவை குறையும். தார்ப்பாயைச் சருகோடு புல்தரையில் நாள் கணக்கில் விட்டுவிடாதீர்கள், அடியில் புல் வெளுத்துச் சாகும்.

மெஷின் வேண்டுமா?

உறிஞ்சி அரைக்கும் மெஷின்களின் பெட்டியில் 10:1, 16:1 என்று ஒரு விகிதம் போட்டிருக்கும். பத்துப் பைச் சருகு ஒரு பையில் அடங்கும் என்று அர்த்தம். மொறுமொறுவென்று காய்ந்த சருகை மெதுவாக உறிஞ்சினால் ஓரளவுக்கு நெருங்கலாம். ஈரம் சேர்ந்தால் விகிதமும் இறங்கும், குழாயும் அடைக்கும். அடைத்ததை எடுக்க மெஷினை நிறுத்தி, மின்சாரத்தையோ பேட்டரியையோ கழற்றிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். உள்ளே சுழலும் இறக்கை உலோகமா, பிளாஸ்டிக்கா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூழாங்கல்லோ சுள்ளியோ உள்ளே போகாத தோட்டம் கிடையாது. பிளாஸ்டிக் இறக்கை அதில்தான் பல் உடையும்.

பை தோளில் தொங்கும். நிரம்ப நிரம்ப எடை ஒரு பக்கம் இழுக்கும். தூசியும் அந்தப் பையின் துணி வழியாகத்தான் வெளியே வரும், உங்கள் மூக்குக்கு நேராக. சத்தமோ தனிக்கதை. நையோஷ் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் இருக்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலுக்கு 1 மணி, 100 டெசிபலுக்கு 15 நிமிடம். பெட்ரோலில் ஓடுபவை, இயக்குகிறவர் காதருகே இந்த எல்லைக்குள்தான் சுற்றுகின்றன. காதடைப்பான் இல்லாமல் தொடக்கூடாது. பேட்டரி மெஷின் சத்தம் குறைவு, ஆனால் உறிஞ்சும் வேலை ஊதும் வேலையைவிடப் பேட்டரியைச் சீக்கிரம் குடிக்கும்.

இத்தனை சொன்ன பிறகும் இந்த மெஷினுக்கு ஓர் இடம் உண்டு. கூழாங்கல் பரப்பிய பாதை, வேலியோரச் சந்து, படிக்கட்டு மூலை: ரேக் நுழையாத இடங்களில் அடங்கிய காற்று வேகத்தில் சருகை மட்டும் உறிஞ்சி எடுக்கலாம். அரைத்த சருகு உரத்துக்கு அருமையானது. மட்கு உரம் போடுகிறவர், பெரிய மரங்கள் வைத்திருப்பவர், காய்ந்த காலத்தில் வேலை செய்பவர், இந்த மூன்றும் ஒருவரே என்றால் வாங்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே பை மாட்டிய புல்வெட்டும் மெஷின் இருந்தால் தனியாக உறிஞ்சும் மெஷின் அவசியமே இல்லை. வெட்டும் உயரத்தை ஏற்றிவைத்துச் சருகின்மேல் ஓட்டினால் அதுவே நொறுக்கி, அதுவே பையில் சேர்த்துவிடும். சருகும் புல்லும் கலந்து வருவது கூடுதல் லாபம், ஏன் என்று கீழே வருகிறது.

எந்தப் பை?

முதலில், பை கடைசியில் எங்கே போகிறது என்று பாருங்கள். குப்பை எடுக்கிறவர்கள் காகிதப் பை மட்டும் வாங்குவார்கள் என்றால் மற்ற விவாதமே தேவையில்லை.

காகிதப் பை பெரும்பாலும் இரண்டடுக்குக் காகிதத்தில், சுமார் 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், 90 செ.மீ. உயரத்தில் வரும். தானே நிற்கும், அப்படியே மட்கும். வாய் விளிம்பை இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே மடித்துவிட்டால் விறைப்பு ஏறும். ஈரத்தரையில் ஓர் இரவு வைத்தால் மறுநாள் அடி கழன்றுவிடும்.

பாலித்தீன் பை நீருக்கு அஞ்சாது, மலிவு. ஆனால் பச்சைப் புல்லை அதில் கட்டி வெயிலில் வைத்தால் காற்றில்லாமல் சூடேறி, நொதித்து, ஓரிரு நாளில் நாற்றம் எடுக்கும். திறக்கிறவர் மனதார வாழ்த்துவார். சுள்ளிக்கும் தாங்காது.

மட்கும் பிளாஸ்டிக் என்று விற்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 13432 கேட்பது, ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும், 12 வாரத்தில் துண்டு துண்டாக உதிர வேண்டும் என்பது. இது ஆலைகளில் உள்ள உரக் குவியலின் சூட்டை மனதில் வைத்து எழுதிய தரம். வீட்டு மட்குத் தொட்டியில் அந்தச் சூடு வராது, பை ரொம்ப நாள் அப்படியே கிடக்கும். வீட்டுத் தொட்டிக்கென்று தனியாகக் குறித்திருந்தால் மட்டும் நம்பிப் போடலாம்.

திரும்பத் திரும்பப் பயன்படுத்த நெய்த பிளாஸ்டிக் சாக்கும் சணல் கோணியும் இருக்கின்றன. நெய்த சாக்கு கனம் தாங்கும், முள்ளுக்கும் ஓரளவு நிற்கும். வெயிலிலேயே போட்டுவைத்தால் நார் நாராக உதிர்ந்து மண்ணில் கலக்கும், அந்த நாரைப் பொறுக்குவது சருகு பொறுக்குவதைவிடக் கொடுமை. சணல் கோணி காற்றோட்டம் உள்ளது. சருகை அதிலேயே நிரப்பி, நனைத்து, நிழலில் மறந்துவிட்டால் கோணியும் சேர்ந்து மட்கும்.

கிளைகளை எந்தப் பையிலும் போடாதீர்கள். கைநீளத்துக்கு வெட்டி, சணல் கயிற்றால் கட்டாகக் கட்டிவிட்டால் தீர்ந்தது.

பையே வேண்டாம் என்றால்?

சருகு சுத்தமாக இருந்தால் அதை மூட்டை கட்டி அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். செடிகளின் அடியில் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் மண்ணில் ஈரம் நிற்கும், களை குறையும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்காமல் ஒரு சாண் விட்டுவிட வேண்டும். மட்கு உரத்துக்குக் கரிமமும் தழைச்சத்தும் 25 முதல் 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் நல்லது. காய்ந்த சருகில் அது 40 முதல் 80-க்கு 1, பச்சைப் புல்லில் 15 முதல் 25-க்கு 1. தனித்தனியாக இரண்டும் சரிவராது, கலந்தால் சரிவரும். புல்வெட்டும் மெஷின் கலந்து தருவது லாபம் என்றது இதனால்தான். வெறும் சருகை மட்டும் குவித்து ஈரமாக வைத்தால் பூஞ்சை அதை ஓரிரு வருடத்தில் கருப்பு இலைமட்காக மாற்றும். நொறுக்கிப் போட்டால் இன்னும் சீக்கிரம்.

நோய் பிடித்த இலை, விதை முற்றிய களை, இரண்டையும் இதில் சேர்க்கக்கூடாது. அவற்றுக்குத்தான் பையைக் கட்டி அனுப்புவது சரியான வழி. கொளுத்துவது எதற்குமே வழியில்லை. ஈரச் சருகுப் புகையில் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் தாராளமாக இருக்கின்றன.

யாருக்கு எது?

முற்றமும் சில தொட்டிகளும்தான் என்றால் தட்டை விளிம்புள்ள பை ஒன்று, விளக்குமாறு ஒன்று, போதும். அள்ளிகூட வேண்டாம். நடுத்தரத் தோட்டத்துக்கு விசிறி ரேக், தார்ப்பாய், தானாக நிற்கும் பை. குப்பை வண்டிக்குக் காகிதப் பையில் கொடுக்க வேண்டியவர் அந்த மூன்றாவதற்குப் பதில் செருகும் தகடு வாங்கட்டும். முள்செடி அதிகம் உள்ளவருக்கு முழங்கை வரை மறைக்கும் தோல் கையுறையும் தார்ப்பாயும் முதலில். பையைப் பற்றி அப்புறம் பேசலாம். ஸ்டாண்டு, நடந்துகொண்டே கவாத்து செய்கிறவருக்கு மட்டும். அள்ளிகள் யாருக்கும் கெடுதல் செய்யாது, ஆனால் வாய் திறந்து நிற்கும் பை இல்லாமல் அவற்றை மட்டும் வாங்குவது பாதிக் கல்யாணம்.

எதை வாங்கினாலும், பழைய குவியலில் கையை விடுமுன் ரேக்கின் காம்பால் ஒரு கிளறு கிளறிவிடுங்கள். தேளும் பாம்பும் சருகடியைத்தான் விரும்பும். பூஞ்சை பூத்த சருகைக் கிளறும்போது முகக்கவசம் போடுங்கள். அதன் வித்துகள், முக்கியமாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, நுரையீரலைத் தொந்தரவு செய்யும்.

தானாக நிற்கும் பை வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே இரண்டு இடத்தைத் தடவிப் பாருங்கள். கைப்பிடி பையின் விளிம்பில் மட்டும் தைத்திருந்தால் முதல் ஈர மூட்டையிலேயே பிய்ந்துவிடும். பட்டை அடிவரை இறங்கி, அடியையும் சுற்றி வந்திருக்க வேண்டும். அடியில் தனியாக ஒரு பிடி இருக்கிறதா என்று பாருங்கள், கவிழ்த்துக் கொட்டும்போது அது இல்லாவிட்டால் பையைக் கட்டிப்பிடித்துத்தான் கொட்ட வேண்டும். அப்புறம் கொக்கியை மாட்டித் தட்டையாக்கி, மறுபடி விடுவித்துப் பாருங்கள். சுருள் ஒரே வீச்சில் நிமிராமல் பாதியில் சாய்ந்து நின்றால் அந்தப் பையை அங்கேயே வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.